சாவி யார் கையில் இருக்கிறதோ

சிவமயம்

செல்வச் சிரஞ்சீவி சொக்கலிங்கத்துக்கு ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் நலம். ஃபோனில் சொன்னால் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முன்னோருக்குப் படையல் வைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வருவதால் வீட்டில் இடம் போதாது. உங்களுக்காகப் பக்கத்து ஊரில், பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே அறை போட்டிருக்கிறோம். நேற்று போய்ப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. எனக்குப் பிடிக்காதது பின்கட்டில் இருக்கிறது.

நீச்சல் குளம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கூடத்துப் படியிறங்கி நாலு எட்டு வைத்தால் தண்ணீர். வேலி இல்லை, கதவு இல்லை. ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 5 அடி என்று எழுதியிருக்கிறது. நம் பேரன் பழனியே அந்த 3 அடிதான் இருப்பான். மேனேஜரைக் கேட்டால், "போர்டு வைத்திருக்கிறோமே ஆச்சி" என்கிறார். மூன்று வயதுப் பிள்ளை போர்டைப் படித்துவிட்டா இறங்கும்?

உங்கள் சிட்னியில் அப்படியில்லை. வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, கேட் தானே மூடித் தானே தாழ் விழ வேண்டும், ஏறுவதற்குத் தோதாக நாற்காலியோ பூந்தொட்டியோ வேலியோரம் இருக்கக் கூடாது என்று வீடு வாங்கியபோது நீதான் அலுத்துக்கொண்டாய். எனக்கு அந்தச் சட்டம் போட்டவர்களை அப்போதே பிடித்துப்போயிற்று. ஆனால் பிள்ளைகள் அந்த வேலிக்குப் பழகிவிட்டன. தண்ணீர் என்றால் நடுவில் ஒரு கதவு இருக்கும் என்றுதான் அதுகளுக்குத் தோன்றும்.

வள்ளி நீச்சல் வகுப்புக்குப் போகிறாள் என்பாய். நல்லதுதான், விடாமல் அனுப்பு. அதற்காக ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியே விட முடியுமா? காற்றடைத்து கையில் மாட்டுகிறீர்களே, அது விளையாட்டுச் சாமான். கழன்றாலும் போச்சு, ஓட்டை விழுந்தாலும் போச்சு. பழனி தண்ணீரில் இருக்கும்போது நீயோ மீனாவோ தண்ணீருக்குள்ளேயே, கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். கரையில் காபியோடு உட்கார்ந்து பார்ப்பது பார்ப்பதே இல்லை.

முங்குகிற பிள்ளை சத்தம் போடும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மூச்சு விடவே வழியில்லாத பிள்ளை எங்கே கூப்பிடும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். ஏதோ விளையாடுகிறது என்றே தோன்றும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அது பத்துப் பேர் பேசிச் சிரிக்கிற இடத்திலேயே நடக்கும்.

எனக்குப் பயம் அந்தப் பத்துப் பேரை நினைத்துத்தான். அவள் பார்த்துக்கொள்வாள் என்று இவள், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர். அதனால் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். முகப்புக் கதவின் பழைய இரும்புச் சாவி, ஒரு சாண் நீளம் இருக்குமே, அதை உன்னிடம் தருகிறேன். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். செல்போன், சீட்டுக்கட்டு எதுவும் கூடாது. அரை மணிக்கு ஒருவர். மாறும்போது வாயால் சொல்லி, கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பும் பார்க்க வராது, கனம் அப்படி.

"நாங்களெல்லாம் கண்மாயில் குதித்துத்தான் வளர்ந்தோம்" என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். கரையேறாமல் போன பிள்ளைகள் வந்து அப்படிப் பேச முடியாதே.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஆகிவிட்டால், தலைகீழாகப் பிடித்துச் சுற்று, வயிற்றை அமுக்கு என்று ஆள் ஆளுக்குக் கிளம்புவார்கள். விடாதே. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், அப்புறம் 30 தடவை நெஞ்சை அமுக்குவது, 2 மூச்சு என்று மாறி மாறி. ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிள்ளை இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் வருவதற்கு முன் அங்கே ஒரு முதலுதவி வகுப்புக்குப் போய்விட்டு வாருங்கள்.

நம் வீட்டிலும் படைப்புக்கு அண்டா அண்டாவாகத் தண்ணீர் பிடித்து வைப்போம். எல்லாவற்றுக்கும் மூடி போடச் சொல்லிவிட்டேன். பழனி குனிந்து எட்டிப் பார்க்கிற வயசு.

மீனாவிடம் சொல், நீல நிற நீச்சல் உடை வேண்டாம். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் வாங்கட்டும். சென்னையில் இறங்குகிற தேதியைச் சீக்கிரம் எழுது, அப்பச்சி பல்லவன் ரயிலில் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்
ஆத்தா