மச்சான், ஓகஸ்டுக்கு வாறதெண்டா மார்ச்சுக்கு முன்னம் சொல்லு

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. மகளுக்கு யூனிவர்சிட்டி கிடைச்சதெண்டு அறிஞ்சு இஞ்ச எங்கட வீட்டில எல்லாருக்கும் சரியான சந்தோசம், மனிசி உடன அவளுக்குப் போன் எடுத்துக் கனநேரம் கதைச்சவா. அம்மான்ர முழங்கால்தான் யோசனையாக் கிடக்கு. ஆனா அதுக்காக அவவை லண்டன்ல விட்டிட்டு வராத, அதுக்கு வழி இருக்கு, கீழ சொல்லுறன்.

கனடாவுக்கு வந்து ஆர்வீ ஒண்டை, படுக்கை, சமையல் எல்லாம் உள்ளுக்கே இருக்கிற அந்தப் பெரிய வண்டியை, வாடகைக்கு எடுத்து ஒரு கிழமைக்குள்ள நயாகரா, ஒட்டாவா, மொன்றியல் எல்லாம் சுத்தி, நடுவில ஒரு ஏரிக்கரையில ஒரு இரவு நிப்பம் எண்டு எழுதியிருக்கிறாய். வேண்டாமடா. பின்னேரம் போய் இறங்கி, சாமான் இறக்கி, சமைச்சு முடிக்கவே இருட்டிப் போகும், விடிய எழும்பினா திருப்பிக் கட்டுறதுதான் வேலை. ஏரியை நீ பாக்கவே மாட்டாய். நயாகராவுக்கு ஒரு பகல் காணும். மிச்சத்துக்கு என்னோட அல்கொங்குவின் எண்ட காட்டுப் பார்க்குக்கு வா, ஆகக்குறைஞ்சது நாலு இரவு ஒரே இடத்தில இருப்பம்.

ரொறொன்ரோவில எங்கட ஸ்காபுரோவில இருந்து ஹண்ட்ஸ்வில் பக்கத்தால ஒரு மூண்டு மணித்தியால ஓட்டம். 1893ல தொடங்கின பார்க், 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல, எங்கட யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு எண்டு வையன். அதின்ர தெற்குப் பக்கத்தால ஹைவே 60 ஒரு 56 கிலோமீற்றர் போகுது, காரோட போய் ரென்ட், அதுதான் கூடாரம், அடிக்கிற இடங்கள் கனக்க அந்த றோட்டை ஒட்டித்தான். எனக்குப் பிடிச்சது மியூ லேக். சின்ன ஏரி, பக்கத்தில பழைய விமானத்தளம் ஒண்டு இப்ப வெறும் புல்வெளியாக் கிடக்கு, ஓகஸ்ட் 12, 13 போல அதில பாய் விரிச்சுப் படுத்தா எரிநட்சத்திரம் விழ விழ எண்ணலாம். முந்தி ரெயில் ஓடின பாதையையும் சைக்கிள் ஓட விட்டிருக்கிறாங்கள், பிள்ளையளுக்கு அது காணும்.

ஆர்வீயைப் பற்றி உனக்குச் சரியா விளங்கேல்லை எண்டு நினைக்கிறன். லண்டன்ல இடப்பக்கம் ஓடினவன் வந்த கையோட பெரிய வண்டியை வலப்பக்கம் ஓடவேணும். இஞ்சத்தைப் பார்க்குகளில பொதுவா நாங்கள் தங்குற சைட்டுக்குக் கரண்ட் மட்டும்தான் வரும், தண்ணி நிரப்புறதுக்கும் கழிவுத் தாங்கியைத் திறந்து விடுறதுக்கும் அதுக்கெண்டு இருக்கிற இடத்துக்கு வண்டியைக் கொண்டு போகவேணும். ஒருக்கா நிப்பாட்டி, மட்டம் பாத்து, வயரும் கொழுவினாப் பிறகு ஒரு பால் பெட்டி வாங்கப் போறதெண்டாலும் எல்லாத்தையும் கழட்டவேணும். எங்களுக்கு ரென்ட் போதும். அம்மாவுக்கு அங்கயே யேர்ட் இருக்கு, வட்டமான கூடாரம், பலகைத் தளம், கட்டில், கரண்ட் ஹீற்றர், ஆறு பேர் படுக்கலாம், அவ நிலத்தில இருந்து எழும்பிக் கஷ்டப்படத் தேவையில்லை. சுடுதண்ணியில குளிக்கிற இடமும் இருக்கு.

இரவில லூன் எண்டொரு பறவை கூப்பிடும். 1987ல இருந்து கனடா ஒரு டொலர் குத்தியில இருக்கிறது அதுதான். கறுப்பு உடம்பில வெள்ளைப் புள்ளி, ரத்தச் சிவப்புக் கண், கால் ரெண்டும் நல்லாப் பின்னுக்குத் தள்ளி இருக்கிறபடியா தரையில ஒழுங்கா நடக்க ஏலாது, ஆனா தண்ணிக்குள்ள மூழ்கினா எங்க எழும்பும் எண்டு சொல்லவே ஏலாது. ஒண்டு இந்தக் கரையில இழுத்துக் கூப்பிட, கொஞ்ச நேரத்தால அங்கால கரையில இருந்து மற்றது பதில் சொல்லும். இதைக் கேக்கிறதுக்காகவே ரென்டில படுக்கவேணும் மச்சான், துணிக்கு அங்கால எல்லாமே கேக்கும். அதாலதான் சனம் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பாட்டுப் போடுறதைப் பாக்க எனக்குக் கோவம் வாறது, பாட்டை வீட்டிலயும் கேக்கலாம், லூனை எங்க போய்க் கேக்கிறது? ரேடியோ போடக் கூடாதெண்டு ஒதுக்கின பகுதியள் சில காம்பிங் இடங்களில இருக்கு, கிடைச்சா நான் அதைத்தான் எடுக்கிறது.

சாப்பாட்டை என்னட்ட விடு. ஆட்டுக்கறியை வீட்டிலயே காய்ச்சி உறைய வைச்சுக் கொண்டு போனா ரெண்டு நாள் ஐஸ் கட்டியின்ர வேலையையும் அதுவே செய்யும், பாணை நெருப்பில வாட்டி அந்தக் கறியோட சாப்பிட்டுப் பார். இரவில சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் ரென்டுக்குள்ள இருக்கக் கூடாது, கறுப்புக் கரடி திரியிற இடம், பற்பசை கூட காருக்குள்ளதான் இருக்கவேணும், பிள்ளையளுக்கு இப்பவே சொல்லி வை. விறகு நாங்கள் கொண்டு போறேல்லை, அங்க வாங்குறதுதான். ஆஷ் மரங்களைத் துளைச்சுக் கொல்லுற ஒரு பச்சை வண்டு 2002ல இஞ்ச ஒன்ராறியோவில வின்ஸர் பக்கம் பிடிபட்டது, விறகோட சேந்து அது ஊர் ஊராப் போகுது.

மழை வந்தாப் பயப்படாத. ரென்டுக்குக் கீழ விரிக்கிற தார்ப்பாய் ஒரு சாண் கூட வெளிய நீட்டாமல் உள்ளுக்கு மடிச்சு விட்டாச் சரி, நீட்டிக்கொண்டு நிண்டாத்தான் மேல இருந்து வழியிற தண்ணியைப் பிடிச்சு அடியில விடும். நுளம்புக்கும் ஜூனை விட ஓகஸ்ட் எவ்வளவோ பரவாயில்லை. ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் கொண்டு வா, கோடையிலயும் இரவில குளிரும்.

இப்ப அவசரம் புக்கிங்தான். அஞ்சு மாசத்துக்கு முதல்தான் திறப்பாங்கள், ஓகஸ்ட் 10 போறதெண்டா மார்ச் 10 விடிய நான் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கவேணும், யேர்ட் கொஞ்சம்தான் இருக்கு, நிமிசத்தில போயிடும். அம்மாவையும் பிள்ளையளையும் கேட்டு எத்தினை பேர், எந்தத் திகதி எண்டு பெப்ரவரி முடியிறதுக்குள்ள எழுது. ரென்ட், ஸ்லீப்பிங் பாக் எல்லாம் என்னட்ட இருக்கு, நீ ஒண்டும் வாங்காத.

அன்புடன்,
உன்ர மச்சான்