விடியப்புறம் கேற்றைத் திறந்துவிடுங்கள்

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சுற்றுப்போட்டி நாள் தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் மைதானத்துக் கேற் பூட்டிக் கிடப்பது நீங்கள் அறிந்ததுதான். அதைப் பற்றி நாங்கள் தந்த இரண்டு கடிதங்களும் உங்கள் கந்தோரில் இருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா 49 வயதில் மாரடைப்பில் போனார். அண்ணாவுக்கு 46 வயதில் இதயத்து இரத்தக் குழாயைத் திறந்து வைக்க ஸ்ரென்ட் வைத்தார்கள். பரம்பரையை மாற்ற ஏலாது, நடந்தால் ஆபத்தைக் குறைக்கலாம் என்றார் டொக்டர். அன்றிலிருந்து விடியப்புறம் அண்ணாவும் நானும் மைதானத்தைச் சுற்றி நடந்தோம். கேற் பூட்டியபின் றோட்டில் நடந்தோம். அங்கே நடைபாதை இல்லை, பாதி லைற் எரிவதில்லை, டிப்பர்கள் ஓடுவதும் அந்த நேரத்தில்தான். செவ்வாய்க்கிழமை ஒரு மோட்டார் சைக்கிள் அண்ணாவைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. முழங்கையில் சின்னக் காயம்தான். ஆனால் அவர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர். என் துவாய் முழுக்க நனைந்தும் இரத்தம் நிற்கவில்லை. இப்போது படலையைத் தாண்டவே பயப்படுகிறார். நடக்க வேண்டிய மனிதர் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறார்.

ஐயா, விடியப்புறம் கேற்றைத் திறந்துவிடுங்கள்.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு 55,000 பேருக்கு மேல் பார்த்தது. புகைக்காமை, உடம்பு பருக்காமை, உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, மரபணுவால் ஆபத்துக் கூடியிருந்தும், ஒன்றுக்கு மேல் கடைப்பிடிக்காதவர்களோடு பார்த்தால், இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், வேக நடை போன்ற உடற்பயிற்சிதான். நாளுக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாள். அதற்குக்கூட எங்களுக்கு இடமில்லை.

அண்ணாவின் மகனுக்கு 15 வயது. அவன் உடம்பிலும் அப்பப்பாவின் இரத்தம்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், அது முடிந்தால் இன்னொரு ரியூசன். இந்தப் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? இருட்டு றோட்டில் பெண்கள் எப்படி நடப்பார்கள்? சுற்றுப்போட்டி நடக்கும் நாளில் மட்டும் திறப்பதென்றால் அது யாருக்கான மைதானம்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். காலை 5 மணி முதல் 7 மணி வரை கேற்றைத் திறந்துவிடுங்கள். காவலுக்கு ஆள் இல்லையென்றால் திறப்பை எங்கள் சனசமூக நிலையத்திடம் தாருங்கள். நாங்களே திறந்து, கூட்டித் துப்புரவாக்கி, ஏழு மணிக்குப் பூட்டிவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து இதை எடுங்கள்.

இப்படிக்கு,
மைதானத்துப் பின் ஒழுங்கையில் இருப்பவன்