கடைமடையில் அளந்துவிட்டு முறைநீரை முடிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய பாசனத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் கணிக்கும் கணினி மாதிரியின் கணக்கைக் காட்டி, எங்கள் கிளை வாய்க்காலுக்கு முறைவைத்து விடும் தண்ணீரை, அதாவது முறைநீரை, தள்ளிவைத்தீர்கள். அப்போது வாய்க்கால் முடியும் கடைமடையில் மக்காச்சோளம் பூத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறுமுன்பே இலைகள் சுருண்டன. கதிரில் மகரந்தத்தை ஏற்கும் பட்டு இழைகள் வெளிவரத் தாமதமாயின. அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிட்டது. இன்று தோகையை உரித்தால் நுனியிலிருந்து பாதிக் கதிர்வரை மணியே இல்லை. பிறகு நீங்கள் விட்ட தண்ணீர் தாளைத்தான் பசுமையாக வைத்தது.

பூக்கும் பருவத்தில் மக்காச்சோளத்தின் நீர்ப்பயன்பாடு 10 விழுக்காடு குறைந்தால் விளைச்சல் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979-லேயே எழுதிவைத்திருக்கிறது. உங்கள் வல்லுநர்களுக்கு இது தெரியாததல்ல.

மாதிரியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் நீரைக் கணித்து, பயிரின் பருவத்துக்கேற்ப அதைத் திருத்தி, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைச் சொல்லும் முறை நல்ல முறை. ஆனால் பாசனம் பெறும் நிலப்பரப்பான ஆயக்கட்டு முழுவதும் களிமண் என்று அதில் பதிந்திருக்கிறீர்கள். எங்கள் நிலம் மணல். ஒரு மீட்டர் ஆழக் களிமண் பயிருக்கென 120 முதல் 200 மில்லிமீட்டர் நீரைத் தேக்கும். மணலோ 50 முதல் 110 வரைதான். போதாக்குறைக்கு, தலைமதகருகே பெய்த மழையை எங்கள் வயலுக்கும் வரவு வைத்துவிட்டீர்கள். இங்கே மண் நனையவே இல்லை. கடைமடையில் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

செயற்கைக்கோள் படத்துக்கும் பெரிய திரைக்கும் பணம் கிடைக்கிறது. வாய்க்காலின் கடைசி மடையில் ஓர் அளவுகோல் நடப் பணம் இல்லை என்கிறீர்கள். கரையோரம் நடந்து பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. மதகில் திறந்துவிட்ட நீரெல்லாம் வயலுக்கு வந்துவிட்டதாகக் கணக்கு முடிகிறது. வழியில் கசிந்ததை யார் எழுதுவது?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த முறைநீருக்கு முன் கடைமடை மண்ணைச் சோதித்து, இங்கே ஒரு மழைமானி வைத்து, அந்த அளவுகளை மாதிரியில் சேர்க்க வேண்டுகிறோம். எந்த மண், எந்த மழை, எந்த விதைப்பு நாள் என்று கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதை முறைநீர் அறிவிப்போடு ஒட்டிவையுங்கள். குழி வெட்டவும் மழையளவை நாள்தோறும் குறிக்கவும் நாங்களே ஆள் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்