61-ஆம் நாள் காலை செய்ய வேண்டியது

ஆசிரியருக்கு,

வணக்கம். குற்றப்பத்திரிகை தாமதமானால் கைதானவர் தானாகவே வெளியே வந்துவிடுவார் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேட்டால்தான் ஜாமீன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவுப்படி, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கெடு: மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. எண்ணத் தொடங்குவது கைதான நாளிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மார்ச் 1-இல் ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாம் நாள். 30-ஆம் தேதி நீதிமன்றம் திறந்ததும் ஜாமீன் மனு மேசையில் இருக்க வேண்டும். மதியம் வரை தள்ளினால், அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிடும், உரிமையும் போய்விடும். மனு முதலில் பதிவாகிவிட்டால், பின்னால் வரும் குற்றப்பத்திரிகை அதைப் பறிக்காது. தமிழகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன போதைப்பொருள் வழக்கொன்றில் 2020-இல் சொல்லப்பட்டது இதுதான். ஆனால் ஜாமீன் உத்தரவு வந்தபின், கொடுத்த கெடுவுக்குள் ஜாமீன்தாரரை நிறுத்தாமல் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம்.

90 நாள் கிடைப்பதற்காகவே போலீஸ் கடுமையான பிரிவைச் சேர்ப்பதும் உண்டு. எனவே எஃப்.ஐ.ஆர். நகலில் உள்ள பிரிவுகளோடு, பின்னர் மாற்றப்பட்ட பிரிவுகளையும் ரிமாண்ட் நீட்டிப்பு நாளிலேயே பார்த்துவிடுங்கள். போதைப்பொருள் வணிக அளவு (சட்டம் வகுத்த பெரிய அளவு) வழக்குகளில் கெடு 180 நாள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், மதுரை