நடுவர்கள் திருத்தட்டும், கைதட்ட நாங்கள் இருக்கிறோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிவி பாட்டுப் போட்டிகளில் சீசனுக்கு சீசன் நடுவர்களும் தொகுப்பாளர்களும் மாறுவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் போனார், யார் வந்தார், யாருக்கு ரசிகர் கூட்டம் அதிகம் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. ஆள் மாறுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 2006-இல் தொடங்கியது. இத்தனை வருஷம் ஓடும் நிகழ்ச்சியில் ஆட்கள் மாறத்தான் செய்வார்கள். பாடகியான அம்மா சுஜாதா உட்கார்ந்த நடுவர் நாற்காலிக்கு மகள் ஸ்வேதா மோகனே வந்துவிட்டார். என் வருத்தம் வேறு. அந்த நாற்காலியில் உட்கார்பவர் செய்யவேண்டிய வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது.

நான் தென்காசிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். இந்த நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் தொழில்காரன் காதோடுதான் கேட்பேன்.

தொகுப்பாளர்களை எடுத்துக்கொள்வோம். இலங்கை வானொலியில் தொடங்கி சன் டிவிக்கு வந்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை நடத்தியவர் பி.எச்.அப்துல் ஹமீது. எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் பாட்டைப் பாடச் சொல்வார். போட்டியாளர் வரியைத் தப்பாகப் பாடினால் சரியான வரி அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். அதே சன் டிவியில் 'சப்தஸ்வரங்கள்' பாட்டுப் போட்டியை நடத்திய ஏ.வி.ரமணன் பாடகர், மியூசியானோ என்று சொந்தமாக மெல்லிசைக் குழு வைத்திருந்தவர். எங்கள் தொழிலில் அந்தப் பெயருக்கு இன்றும் மரியாதை உண்டு. அந்த சப்தஸ்வரங்களில் பாடிய சின்மயியை ஏ.ஆர்.ரஹ்மானிடம் அறிமுகப்படுத்தியவர் பாடகர் ஸ்ரீனிவாஸ். பிற்பாடு அதே சின்மயி சூப்பர் சிங்கரின் முதல் சீசனைத் தொகுத்து வழங்கினார். அடுத்து 2008-இல் மலேசியா வாசுதேவனின் மகன் யுகேந்திரன், மனைவி மாலினியோடு வந்தார். ஆக, மைக்கைப் பிடித்து நின்றவருக்கே பாட்டுத் தெரியும். போட்டியாளர் சுருதி விலகினால் அவர் முகத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் வந்தவர்கள் பேச்சுக்காரர்கள். மா.கா.பா. ஆனந்த் பண்பலையிலிருந்து வந்தவர், அசாத்திய சமயோசிதம். பிரியங்கா சிரித்தால் எங்கள் வீட்டில் பாட்டு பிடிக்காதவர்களும் வந்து உட்காருவார்கள். மேடையில் நடுங்கும் பிள்ளையைத் தோளைத் தட்டி நிமிர்த்துவதும் ஒரு திறமைதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் பத்து நிமிஷம் கலாய்ப்பு ஓடுகிறது. பாட்டு எந்தப் படம், இசை யார், எழுதியவர் யார் என்பதற்கு அரை நிமிஷம் கிடைப்பதில்லை. திரையில் ஒரு வரி ஓடவிட்டால்கூடப் போதும்.

இனி நடுவர்கள். தொடக்க சீசன்களில் ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பாடும் சூப்பர் சிங்கர் ஜூனியரில் சித்ரா, மனோ, மால்குடி சுபா. சித்ரா திருத்தத்தையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் சொல்லாமல் விடமாட்டார். "பல்லவி நன்றாக இருந்தது, சரணத்தில் இரண்டாவது வரியில் சொல்லின் நடுவே மூச்சு வாங்கினாய், அதனால் சொல் இரண்டாக உடைந்தது" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும். பிறகு நடுவரே அந்த வரியைப் பாடிக் காட்டுவார். எங்கே மூச்சை எடுத்தார், அந்தச் சங்கதியில், அதாவது குரலை வளைத்துப் பாடும் இடத்தில், எந்த ஸ்வரத்தை லேசாகத் தொட்டுவிட்டு இறங்கினார் என்பது வீட்டில் சோபாவில் கிடக்கிறவனுக்கும் புரியும். அடுத்த முறை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் அந்த இடத்துக்காகக் காத்திருப்போம். போதாக்குறைக்கு ஆனந்த் வைத்தியநாதன் என்று குரல் பயிற்சியாளர் ஒருவர் வேறு. குரல் வயிற்றிலிருந்து வருகிறதா தொண்டையிலிருந்து வருகிறதா என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொண்டது அவர் புண்ணியத்தில்தான்.

இப்போது பாட்டு முடிந்ததும் நடுவர்கள் எழுந்து நிற்கிறார்கள். நாற்காலி மேல் ஏறுகிறார்கள், கண்ணைத் துடைக்கிறார்கள். மேலிருந்து தங்கக் காகிதம் கொட்டுகிறது. "புல்லரிச்சிடுச்சு" என்கிறார்கள். சரி, எந்த இடத்தில் புல்லரித்தது? அதைச் சொல்வதற்குத்தானே அனுராதா ஸ்ரீராம், பென்னி தயாள் மாதிரி வித்தை தெரிந்தவர்களை அழைத்திருக்கிறீர்கள்? அவர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தெரிந்தும் சொல்வதில்லை. காரணமும் புரிகிறது. கடைசிச் சுற்றில் ஓட்டு மக்கள் கையில். நடுவர் ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் அது மட்டும் வெட்டப்பட்டு மறுநாள் காலையில் எல்லார் போனிலும் சுற்றும், கீழே வசவு மழை. யாருக்கு இந்தத் தலைவலி வேண்டும்?

இதன் பலன் எங்கள் மேடைக்கு வந்து சேர்கிறது. கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிக்கு 'டிவி புகழ்' என்று அம்மன் படத்தைவிடப் பெரிதாக பேனர் வைத்து ஒருவரை அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல பையன், அருமையான குரல். ஒத்திகையில் எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவாய் என்று கேட்டேன். "டிவியில பாடின அதே பிட்ச்சுண்ணே" என்றான். அது அவனுக்கு அரைக் கட்டை தூக்கல், உச்சத்துக்குப் போனால் கைதட்டல் வரும் என்பதற்காக அங்கே தூக்கி வைத்தது. வாரத்துக்கு ஒரு பாட்டு என்றால் தாங்கும். கொடையில் ராத்திரி ஒன்பதரைக்குத் தொடங்கினால் விடியக்காலை இரண்டு மணி ஆகும், துண்டுச் சீட்டில் நேயர் விருப்பம் வேறு வந்துகொண்டே இருக்கும். ஐந்தாவது பாட்டில் தொண்டை அடைத்துவிட்டது. நான் அரைக் கட்டை இறக்கி வாசித்து, எங்கள் குழுப் பாடகியைச் சேர்த்துவிட்டுச் சமாளித்தோம். இறங்கி வந்தவன், "இத யாருமே அங்க சொல்லலண்ணே" என்றான். மாதக்கணக்கில் அத்தனை பெரிய பாடகர்கள் முன்னால் பாடியவனுக்கு இது தென்காசியில் தெரியவேண்டிய விஷயமா?

அந்தக் காலம் எல்லாம் பொற்காலம் என்று நான் புலம்பவில்லை. 2018-இல் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டோடு அந்த மேடைக்கு வந்தார்கள், செந்தில் கணேஷ் பட்டமும் வென்றார். அதன்பிறகு எங்கள் பக்கத்தில் நாட்டுப்புறப் பாட்டு கேட்டுத் தனியாக நேயர் விருப்பச் சீட்டு வரத் தொடங்கியது. ஜீ தமிழின் சரிகமபவில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா 2023-இல் வென்றபோது கடலுக்கு அந்தப் பக்கமும் வெடி வெடித்தார்கள். கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் நாட்டுப்புறப் பாட்டை, கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும் பழகிய காது மட்டும் எடைபோட்டால் போதுமா? அந்தச் சுற்றுக்கு நடுவர் வரிசையில் ஒரு கிராமியக் கலைஞரை நிரந்தரமாக உட்கார வைக்கலாம். நடுவர் மாற்றம் என்றால் இப்படி மாற்றுங்கள், நானே விசிலடிப்பேன். படம் வெளியாகும் வாரத்தில் கதாநாயகனைக் கூட்டிவந்து மார்க் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சேனல்காரர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நடுவர், ஒரே ஒரு இடத்தையாவது பாடிக் காட்டித் திருத்தட்டும். பாராட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்கு முன் இந்த ஒரு நிமிஷம். பிள்ளைகள் மனம் உடைந்துவிடும் என்பார்கள். கீழ ஸ்தாயியில் சுருதி சேரவில்லை என்று வாத்தியார் சொல்லி மனம் உடைந்தவனை நான் பார்த்ததில்லை. மேடையில் நாலாயிரம் பேர் முன்னால் குரல் அடைத்து நின்றவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரிடமும் ஒரு கோரிக்கை. படத்துக்கு விமர்சனம் எழுதுகிறீர்கள், சீரியலுக்கும் எழுதுகிறீர்கள். பாட்டுப் போட்டிக்கு மட்டும் நடுவர் கட்டிய சேலையும் தொகுப்பாளர் அடித்த ஜோக்கும்தான் செய்தியாகிறது. வாரம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் யாரையாவது விட்டு அந்த வாரப் பாட்டுகளைப் பற்றி எழுத வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், எங்கள் குழுவில் வயலின் வாசிக்கும் பெரியவர் இருக்கிறார். தொலைபேசி எண்ணைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு வாசகர் ஒருவர்,
தென்காசி.