காவல் நிலையத்தில் புகாரை வாங்கும் மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்களின் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை, தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கேமரா வேண்டும், இரவு ரோந்து வாகனங்களைக் கூட்ட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையே சுற்றிவந்தன. நீதித்துறை நடுவர் மன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்து, காவல் நிலையங்களிலிருந்து வரும் முதல் தகவல் அறிக்கைகளைப் பெற்று, அவை வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து நடுவரின் கையெழுத்துக்கு வைத்தவன் என்ற முறையில், அந்த இரண்டுக்கும் முன்னால் வைத்துப் பேச வேண்டிய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நிலையத்துக்குள் நுழையும் ஒருவரின் புகாரை யார் வாங்குகிறார், அதில் என்ன எழுதிக்கொள்கிறார், அவர் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறார் என்பதே அது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் காய்கறி விற்கும் அம்மையாரின் கைபேசியை இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் பறித்துச் சென்றனர். புகார் எழுதத் தெரியாததால் என்னையும் உடன் அழைத்தார். நான் எழுதிக்கொடுத்த மனுவில் 'கையிலிருந்து பறித்துச் சென்றனர்' என்று இருந்தது. அதை வாசித்த காவலர் மரியாதையாகவே பேசினார், உட்கார நாற்காலியும் கொடுத்தார். ஆனால் 'தவறவிட்டுவிட்டேன் என்று மாற்றி எழுதிக் கொடுங்கள் ஐயா, தேடிக் கொடுப்பதற்கு அதுவே போதும்' என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். பறிப்பு என்று எழுதினால் வழக்கு, வழக்கென்றால் துப்பு, துப்புக் கிடைக்காவிட்டால் மாதாந்தரக் கூட்டத்தில் ஆய்வாளருக்குக் கேள்வி. தவறவிட்டது என்றால் இவற்றில் எதுவும் இல்லை. அந்த ஒரு சொல் மாறியதில் ஒரு குற்றம் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

சொல் மாறினால் எவ்வளவு மாறும் என்பது சட்டத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதை என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் பறிப்பு தனிக் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் அது பறிப்புதான். ஆனால் சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நடுவரின் அனுமதி இல்லாமல் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத வகைக்குள் அது போய்விடுகிறது. காய்கறி விற்கும் பெண்ணின் கைபேசி பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும். எனவே அவர் பொருள் 'பறிக்கப்பட்டதா', 'திருடப்பட்டதா', 'தொலைந்ததா' என்பதை நிலையத்தில் எழுதிக்கொள்பவர் தீர்மானிக்கும்போது, அரசு அவருக்காக அடுத்து எதுவும் செய்யுமா என்பதும் அங்கேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

நடுவரின் அனுமதி இல்லாமலே காவல்துறை புலனாய்வு செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் அதற்கு முன்னும் பின்னும் சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மனு ரசீது ஒன்று இருக்கிறது. வெறுங்கையோடு அனுப்புவதற்கு அது மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கை நடுவர் மன்றத்துக்கு உடனே வந்து சேர வேண்டும். வந்த நேரம் அதில் பதிவாகும். அதன் பிறகு ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. மனு ரசீதுக்கு அந்த வழி கிடையாது. அது நிலையத்திலேயே பிறந்து, பெரும்பாலும் 'சமரசம்' என்ற பெயரில் நிலையத்திலேயே முடிந்துவிடும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. இதனால் புகார் வடிகட்டப்படும் இடம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை என்பது என் கருத்து.

இது ஓரிடத்துப் பழக்கமும் அல்ல. டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, திருட்டுக்கு ஆளானவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள் பெயரிலேயே முதல் தகவல் அறிக்கை பதிவானதாகக் கண்டது. அப்படியானால் ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, இந்த மாநிலத்தில் குற்றம் குறைந்தது, அந்த மாநிலத்தில் கூடியது என்று நாம் நடத்தும் வாதங்களுக்கு என்ன பொருள்? பதிவைக் கூட்டும் நேர்மையான ஆய்வாளரின் எல்லையில் குற்றம் பெருகியதாகத் தெரிகிறது. மனுக்களைத் திருப்பி அனுப்பும் ஆய்வாளரின் எல்லை அமைதிப் பூங்காவாகத் தெரிகிறது.

பதிவில்லாத புகாரின் இன்னொரு விளைவு இதைவிடக் கொடியது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர், நகை காணாமல்போன புகார் ஒன்றின்பேரில் தனிப்படைக் காவலர்களின் விசாரணையில் உயிரிழந்தார். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் தனிப்படை எப்படி விசாரணைக்குள் வந்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுப்பிய கேள்வியைப் பத்திரிகைகளில் வாசித்தோம். என்னைப் போன்று நீதிமன்றக் காகிதங்களோடு காலம் கழித்தவர்களுக்கு அந்த மரணத்தின் முழுக் கொடுமையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சாலையில் பறிகொடுத்தவரின் புகாரைப் பதியாமல் விடுவதும், செல்வாக்கு உள்ளவரின் புகாரைப் பதியாமலே விசாரிப்பதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள். காகிதத்தில் ஏறாத விசாரணைக்கு நேரம் கிடையாது, இடம் கிடையாது, பொறுப்பாளரும் கிடையாது.

கேமரா இதைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பதில் கிடைத்தது. தந்தையும் மகனும் தாக்கப்பட்ட அந்த நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. சேமித்து வைக்கப் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வைத்து, பதிவுகளை 18 மாதங்கள், குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நல்லதுதான். பதிவை யார் பார்ப்பது, கேட்டால் யார் கொடுப்பது என்பதை முடிவு செய்யாதவரை கேமரா சுவரில் மாட்டிய பொருள் மட்டுமே.

தெருக் கேமராக்களையும் ரோந்தையும் நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, கேமராக்களால் குற்றம் ஓரளவு குறைகிறது, அதிலும் வாகன நிறுத்தங்களில் நன்கு குறைகிறது, அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று சொல்கிறது. ரோந்தைப் பொறுத்தவரை அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1972-73-இல் சில பகுதிகளில் ரோந்தைப் பெருக்கியும் சில பகுதிகளில் அறவே நிறுத்தியும் பார்த்தபோது, குற்றத்திலோ மக்களின் அச்சத்திலோ வேறுபாடு தெரியவில்லை. குற்றம் அடிக்கடி நிகழும் குறிப்பிட்ட முனைகளில் காவலர்களை நிறுத்தினால் பலன் உண்டு என்பதைப் பின்னால் மினியாபொலிசில் நடந்த சோதனை காட்டியது. ஆனால் எந்த முனையில் குற்றம் அடிக்கடி நிகழ்கிறது என்பது எப்படித் தெரியும்? பதிவான புகார்களிலிருந்துதான். பறிப்பைத் தவறவிட்டதாக எழுதினால் ரோந்து வாகனம் எந்த முனையில் நிற்பது?

இனி நம் நாட்டிலேயே நடந்த ஆய்வுகளுக்கு வருகிறேன். இவை தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இடம்பெற்ற ஆய்வுக் குழு, ராஜஸ்தான் காவல்துறையோடு சேர்ந்து 11 மாவட்டங்களில் 162 காவல் நிலையங்களில் நான்கு சீர்திருத்தங்களைச் சோதித்தது: அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்திவைத்தல், பணியைச் சுழற்சியாக்கி வார விடுப்புத் தருதல், பொதுமக்களில் ஒருவரை நிலையத்தில் பார்வையாளராக உட்கார வைத்தல், புலனாய்வுத் திறனிலும் மக்களிடம் பழகும் முறையிலும் பயிற்சி அளித்தல். பயிற்சியும் இடமாற்ற நிறுத்தமும் பலன் தந்தன. மற்ற இரண்டும் உள்ளூரில் ஒழுங்காக நடத்தப்படாமலே தேய்ந்துபோயின. வார விடுப்பு ஆணை காகிதத்தில் மட்டும் இருப்பது நம் மாநிலக் காவலர் குடும்பங்களுக்கும் தெரியாத செய்தி அல்ல.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது, ஆய்வுக்காகச் செய்த ஒரு காரியம் தானே மருந்தாகிப் போனதுதான். புகார் பதியப்படுகிறதா என்று அறிவதற்காகக் குழுவினர் சாதாரண மக்களைப் போல் நிலையங்களுக்குச் சென்று திருட்டு முதலிய பொய்ப் புகார்களைக் கொடுக்க முயன்றனர்; பதிவாகும் தறுவாயில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எதிரில் நிற்பவர் சோதிக்க வந்தவராகவும் இருக்கலாம் என்ற எண்ணம் பரவிய பிறகு நிலையங்கள் புகாரை வாங்கும் முறையே மேம்பட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அரசன் மாறுவேடத்தில் நகர்சோதனைக்குப் போனதாகக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதற்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பமோ கோடிக்கணக்கில் ஒப்பந்தப்புள்ளியோ தேவையில்லை.

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. பெண்களுக்கான உதவி மேசையைத் தனி இடவசதியோடும் பயிற்சியோடும் அமைத்த நிலையங்களில், பெண்களுக்கு எதிரான குற்றங்கள் வழக்காகப் பதிவாவது கூடியது. அந்த மேசையில் பெண் அதிகாரிகளே பொறுப்பில் இருந்த இடங்களில் முதல் தகவல் அறிக்கைகள் இன்னும் கூடின. 1992-இலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய தமிழகத்துக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. மகளிர் நிலையம் நகரில் எங்கோ இருக்கிறது என்பதைக் காரணமாக்கி, பக்கத்து நிலையத்துக்கு வரும் பெண்ணை அங்கே போ என்று அனுப்பிவிடும் பழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். எல்லா நிலையங்களிலும் பயிற்சி பெற்ற ஒரு மேசை இருக்க வேண்டும் என்பதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

காவலரும் மக்களும் கூடிப் பேசும் கூட்டங்கள், நண்பர் குழுக்கள் ஆகியவற்றின்மேல் நம் அதிகாரிகளுக்கு எப்போதும் ஒரு பற்று உண்டு. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் இத்தகைய திட்டங்களை ஒரே சமயத்தில் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வு, அவற்றால் காவல்துறையின்மீது நம்பிக்கையும் வளரவில்லை, குற்றமும் குறையவில்லை என்று முடிவு கூறியது. கூட்டத்தில் மக்கள் சொன்ன குறையைத் தீர்க்கக் காவலர்களுக்கு வசதி இல்லை, மேலதிகாரிகள் அதை முதன்மையாகக் கருதவில்லை, பழகிய அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போனார் என்பவை அவர்கள் கண்ட காரணங்கள். 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காவல் நண்பர்கள் இயக்கம், சாத்தான்குளம் நிகழ்வுக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசால் தடைசெய்யப்படும் நிலைக்கு வந்ததை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இடமாற்றம் என்ற சொல் ராஜஸ்தான் ஆய்விலும் இந்த ஆறு நாட்டு ஆய்விலும் வருவது தற்செயல் அன்று. நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006 செப்டம்பரில். அதே தீர்ப்பு, காவலர்கள்மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றது. நாம் 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில அளவிலான அந்தப் பொறுப்பை உள்துறைச் செயலாளரின் தலைமையில் வைத்தது. புகாரை ஏற்க மறுத்த துறையிடமே அந்த மறுப்பைப் பற்றியும் முறையிடுங்கள் என்பதுதான் இதன் பொருள். 1855-இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம்கூட, துன்புற்றவர் நியாயம் கேட்டுச் சேர வேண்டிய இடத்தைச் சென்றடைய முடியாமல் இருந்ததையே பெரிய குறையாக எடுத்துச் சொல்லியிருந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவல்துறை வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்டது.

ஆகவே அரசிடம் என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாசலிலும் மாதந்தோறும் மூன்று எண்களை எழுதி வைக்கட்டும்: வந்த மனுக்கள் எத்தனை, அவற்றுள் ரசீது கொடுத்தவை எத்தனை, முதல் தகவல் அறிக்கையாகப் பதிந்தவை எத்தனை. பதிவு கூடியதற்காக எந்த ஆய்வாளரையும் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று தலைமையகம் எழுத்துமூலம் சொல்லட்டும். ராஜஸ்தானில் செய்தது போல், மாவட்டத்துக்குப் பத்து நிலையங்களையாவது முன்னறிவிப்பின்றிச் சோதிக்கும் பொறுப்பைக் காவல்துறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம்கூட, ஒப்படைக்கலாம். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்தியாளர்கள் அந்த மூன்று எண்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேட்டு வெளியிட முடியும். அதற்கு எந்த ஆணைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த அம்மையாரின் மனுவை நாங்கள் மாற்றி எழுதிக் கொடுக்கவில்லை. 'பறித்துச் சென்றனர்' என்ற சொற்களோடு அது இன்னும் மனு ரசீது நிலையிலேயே இருக்கிறது. கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் ஒரு நகல் அனுப்பியிருக்கிறோம். அடுத்தது நடுவர் மன்றம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.