தம்மாமிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேச மனம் வராததை எழுதி, லீவில் வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"கோயிலுக்குப் போகிறாயா?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். அம்மா, சவூதியில் ஆலயமே கிடையாது. வெளிப்படையாகக் கூடி ஆராதிக்க அனுமதியில்லை. வேதாகமத்தை அறையில் வைத்து வாசிக்கலாம். 2016-ல் மத போலீசாரிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். முன்பிருந்த பயம் இப்போது இல்லை என்கிறார்கள் பழைய ஆட்கள். ஆனாலும் யாராவது புகார் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் உண்டு.

வெள்ளிக்கிழமை விடுமுறை. அதுதான் எங்களுக்கு ஞாயிறு. ஓர் அறையில் ஆறு பேர் கூடுகிறோம். அங்கே இருக்கிற பழைய ஏசி கடகடவென்று சத்தம் போடும். அதை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பாடுகிறோம். கை தட்டுவதில்லை, விரல் நுனியால் தொடையில் தாளம் போடுவோம். முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது அப்படியில்லை. உரக்கப் பாடிய காலத்தில் கவனிக்காத வார்த்தைகளெல்லாம் காதில் விழுகின்றன. அப்போஸ்தலன் பவுல் அரபிதேசத்துக்குப் போனதாக வேதாகமத்தில் கலாத்தியர் நிருபத்தில் ஒரு வரி வருமே, அதைக்கூட இங்கே வந்த பிறகுதான் நின்று வாசித்தேன்.

25 கிலோமீட்டர் கடல் பாலத்தைத் தாண்டினால் பஹ்ரைன். அங்கே மனாமாவில் 1939-லேயே ஆலயம் கட்டிவிட்டார்கள். விசாவும் செலவும் பார்த்தால் எங்களால் நினைத்தபோது போக முடியாது.

அப்புறம், ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். என்னோடு தங்கியிருக்கும் வங்காளதேசத்துக்காரர் ஐந்து வேளையும் தொழுகை தவறாதவர். வந்த புதிதில், "உன் மார்க்கம் என்ன?" என்று கேட்டார். நான் "இந்தியன்" என்றேன். யாரும் மிரட்டவில்லை, அம்மா. நானாகத்தான் ஒளிந்துகொண்டேன். அன்று ராத்திரி, இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும், அவன் குளிர்காய்ந்த அந்த நெருப்பும்தான் ஞாபகத்தில். தூக்கமே இல்லை.

பல மாதம் கழித்து, நானே அவரிடம் போய், "நான் கிறிஸ்தவன்" என்றேன். "சரி, அப்படியானால் நீ எப்போது ஜெபம் செய்வாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான். இப்போது நான் முழங்கால்படியிட்டால் போன் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அவர் தொழும்போது நான் கட்டில்மேல் காலை மடக்கி வழி விடுகிறேன். வேலையிடத்தில் ஒருவர், மதம் மாறினால் நல்ல இடம் வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல இந்தத் தடவை நான் தயங்கவில்லை.

ஒரு உதவி. ராத்திரி ஜெபம் முடிந்ததும் நீங்கள் பாடுவீர்களே, அந்தப் பாட்டின் மூன்றாவது சரணம் எங்கள் ஆறு பேருக்கும் சரியாக வரவில்லை. நீங்கள் பாடுகிற மாதிரியே உங்கள் கையெழுத்தில் எழுதி, நண்பர் திரும்பும்போது கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்